பெட்ரோலை மோந்து பார்த்துவிட்டுக் கயிற்றை இழுங்கள்

கோத்தகிரிப் பக்கம் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பருவம் உண்டு. ஜூனில் தென்மேற்கு மழை பிடித்ததும் புல் வெட்டும் மெஷின் வெளியே வரும். வடகிழக்கு மழை ஓயும் வரை அதற்கு வேலை இருக்கும். ஜனவரியில் பள்ளத்து நிலங்களில் உறைபனி விழுந்து புல் கருகியதும் அது ஷெட்டு மூலைக்குப் போய்விடும். அது உள்ளே போகிற நேரத்தில் பெட்ரோல் பம்பு வெளியே வரும். ஓடையிலிருந்து கேரட்டுக்கும் பூண்டுக்கும் தண்ணீர் ஏற்ற வேண்டும். பனி விழுந்த காலைகளில் வெயில் ஏறுமுன் ஸ்பிரிங்க்ளர் போட்டு இலையில் உறைந்ததைக் கழுவிவிட வேண்டும். மழை தொடங்கினால் பம்புக்கு ஓய்வு. செயின்சா தனி ரகம். காற்றில் சில்வர் ஓக்கோ சீகையோ முறிந்து பாதையை அடைத்தால்தான் அப்படி ஒன்று நம்மிடம் இருப்பதே ஞாபகத்துக்கு வரும்.

ஆகவே எங்கள் ஷெட்டில் எப்போதும் ஏதாவது ஒன்று சும்மா கிடக்கும். சும்மா கிடந்தது தேவைப்படும்போது, அவசரமாகத் தேவைப்படும். கோடை மழை பெய்த ஒரு வாரத்தில் கிக்கூயு புல் தேயிலைச் செடிக்கு நடுவே ஏறி நிற்கும். ஆளும் வந்து நிற்பார். மெஷின் மட்டும் வராது.

நான் மெக்கானிக் இல்லை. கொஞ்சம் தேயிலை, அதற்குக் கீழே கொஞ்சம் காய்கறி நிலம், அவ்வளவுதான். ஆனால் இந்த மெஷின்களோடு பல வருடமாக மல்லுக்கட்டியதிலும், டவுனில் எங்களுக்கு வழக்கமாகப் பார்த்துக்கொடுக்கும் மெக்கானிக் தம்பியின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கவனித்ததிலும் ஒன்று உறுதியாகத் தெரிந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது நிறுத்திவைத்த மெஷின், எடுக்கும்போது ஸ்டார்ட் ஆகிப் பிடிக்கவில்லை என்றால், கெட்டுப்போனது பெரும்பாலும் மெஷின் இல்லை, அதற்குள் இருக்கும் பெட்ரோல். அந்தத் தம்பி இதைத் தன் பாணியில் சொல்வார்: “முதல்ல பழைய பெட்ரோலைக் கொட்டுங்கண்ணா, அப்புறம் மெஷினைத் திட்டலாம்.”

அதனால் நான் ஸ்டார்ட் செய்யும் கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பேன். புதுப் பெட்ரோலின் வாசனை மூக்கைத் தூக்கும். பழையதில் அந்தக் காரம் இருக்காது. பெயிண்ட் கடை வாசனை மாதிரி, கொஞ்சம் புளித்தாற்போல் இருக்கும். நிறமும் மஞ்சளாக மாறியிருக்கும். சந்தேகமாக இருந்தால் கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். அடியில் ஒரு கோடு தெரிந்து இரண்டு அடுக்காக நின்றால் அந்தப் பெட்ரோலோடு பேச்சே இல்லை. முழுவதையும் இறக்கிவிட வேண்டியதுதான்.

பெட்ரோல் ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பெட்ரோல் ஒரே பொருள் இல்லை. சீக்கிரம் ஆவியாகிறதும் மெதுவாக ஆவியாகிறதுமாகப் பல பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. குளிர்ந்து கிடக்கும் இன்ஜின் முதல் தடவை பற்றிக்கொள்ள, சீக்கிரம் ஆவியாகிற அந்த லேசான பங்குதான் வேண்டும். டேங்கிலிருந்து முதலில் பறந்துபோவதும் அதுதான். மிச்சம் இருப்பதும் எரியத்தான் செய்யும், ஆனால் மலைக்காலையின் குளிரில் அது ஆவியாகாது. காலையில் அசையாத மெஷின் மதியம் வெயிலில் வைத்து இழுத்தால் பிடித்துக்கொள்வது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு ‘குளிருக்குத்தான் அப்படி, மெஷின் நல்லாத்தான் இருக்கு’ என்று அதே பெட்ரோலில் ஓட்டுகிறவர்கள் மறுநாள் காலையில் மறுபடி மல்லுக்கட்டுவார்கள்.

ஆவியானது போக நிற்பது காற்றோடு சேர்ந்து பிசினாக மாறும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டருக்குள், பெட்ரோல் வரும் ஜெட்டின் துளை ஊசிமுனை அளவுதான். அதில் வார்னிஷ் பூசியதுபோல் ஒரு படலம் படிந்தால் போதும். சின்ன ஜெட்டு அடைத்துக்கொண்டால் சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் மூடி) போட்டால் மட்டும் ஓடும், சோக்கை எடுத்தால் நின்றுவிடும். இப்படி ஒரு மெஷின் உங்களிடம் இருந்தால் அதற்கு வேறு வைத்தியம் தேட வேண்டாம், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

இப்போது எத்தனாலும் சேர்ந்துகொண்டது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. இப்போது அதுதான் எங்கும் கிடைக்கிறது. கார்க்காரர்கள் மைலேஜ் போச்சு என்று சண்டை போடுகிறார்கள். எங்கள் கவலை வேறு. எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாதக்கணக்கில் மூடுபனியும் சாரலுமாக இருக்கும் ஊரில், பாதி டேங்க் பெட்ரோலும் பாதி டேங்க் காற்றுமாக ஒரு மெஷினை வைத்தால் அது எவ்வளவு ஈரம் குடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். குளிர் கூடக்கூட அந்த அளவும் குறைகிறது. டேங்கின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. மேலே நல்ல பெட்ரோல் நிற்க, இன்ஜினுக்குப் போவது தண்ணீர்க் கலவை. ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மெஷினில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அந்த அடி அடுக்கில் ஆயில் சரியாகக் கலந்திருக்காது. இதுபோக பழைய மாடல்களின் ரப்பர் குழாயையும், கார்புரேட்டருக்குள் பெட்ரோலை இழுக்கும் மெல்லிய தோலான டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். பல சின்ன இன்ஜின்களின் கையேட்டில் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதி என்று போட்டிருக்கும். நாம் என்ன செய்வது? கிடைப்பதைத்தான் ஊற்ற முடியும். ஆனால் ஊற்றியதை உள்ளேயே விட்டு வைக்காமல் இருக்கலாம்.

சரி, பழையதை இறக்கிப் புதுப் பெட்ரோல் ஊற்றியாயிற்று. டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயில் அளவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கையேட்டில் 50:1 என்றிருந்தால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25:1 என்றிருந்தால் 40 மில்லி. ‘ஒரு மூடி ஊத்தினாப் போதும்’ என்று ஊரில் நடக்கும் கணக்கை நான் நம்புவதில்லை. எந்த பாட்டிலின் மூடி என்று யாரும் சொல்வதில்லை. ஆயில் குறைந்தால் பிஸ்டன் போகும். கூடினால் பொறி கொடுக்கும் பிளக்கும் சைலன்சரும் கரி பிடிக்கும்.

அடுத்து சோக். குளிர்ந்த இன்ஜினுக்கு முழுச் சோக் போட்டு இழுக்கும்போது ஒரு கட்டத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும், ஓடாது. அந்த டப் சத்தம்தான் சைகை. அதற்குமேல் முழுச் சோக்கில் இழுக்கக் கூடாது. பாதிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், பாதி இல்லாத மெஷினில் முழுவதும் எடுத்துவிட வேண்டும். இந்த ஒரு சத்தத்தைக் காதில் வாங்காமல் இழுத்துக்கொண்டே போவதால்தான் பாதி மெஷின்கள் பெட்ரோல் ஓவராகி மூழ்குகின்றன. கூட நின்று பேசிக்கொண்டிருப்பவரைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள், காது வேலை செய்ய வேண்டிய இடம் இது.

கயிறு இழுப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மெதுவாக இழுத்தால் ஒரு இடத்தில் பிடித்து நிற்கும். அங்கிருந்து விருட்டென்று இழுக்க வேண்டும், ஆனால் கயிற்றின் கடைசி வரை போகக் கூடாது. விடும்போது கைப்பிடியோடு கூடவே போய் விட வேண்டும். எங்கள் நிலமெல்லாம் சரிவு. காலுக்கு நல்ல பிடிமானம் இல்லாத இடத்தில் நின்று வேகமாக இழுத்துப் பின்னால் உருண்டவர்களும் உண்டு. மெஷினைத் தட்டையான இடத்துக்குத் தூக்கிவந்து, பிளேடு எதிலும் படாமல் வைத்து, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுப்பதுதான் சரி.

இவ்வளவுக்கும் பிடிக்கவில்லையா? இழுப்பதை நிறுத்திவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். இனிமேல் வழி காட்டப்போவது அதுதான். பலர் இந்த இடத்தில் பிளக்கைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிவிடுவார்கள். துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஈரமா, காய்ந்திருக்கிறதா?

காய்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவே இல்லை என்று அர்த்தம். ஈரமாக இருந்தால் பெட்ரோல் வருகிறது, ஆனால் கூடுதலாக வந்திருக்கிறது அல்லது பற்றவைக்கக் கரண்ட் இல்லை. இந்த ஒரு கேள்வியிலேயே வழி இரண்டாகப் பிரிந்துவிடும். இதைப் பார்க்காமல் கார்புரேட்டரையும் கழற்றி, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலையும் கழற்றி, எதை மாற்றியதால் ஓடியது என்று தெரியாமலே செலவு செய்கிறவர்கள் அதிகம்.

காய்ந்த பிளக் என்றால் முதலில் ஒரு சின்னச் சோதனை. பிளக் துளையில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு, சிந்தியதைத் துடைத்துவிட்டு, பிளக்கை மாட்டி இழுத்துப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் கலந்ததைத்தான் விட வேண்டும். ஓரிரு நொடி ஓடி நின்றால் கரண்டும், பிஸ்டன் அழுத்தும் கம்ப்ரஷனும் நன்றாக இருக்கின்றன. கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான். ஸ்பிரே டப்பாவில் வரும் ஸ்டார்ட்டிங் மருந்தை டூ ஸ்ட்ரோக்கில் அடிக்க எனக்கு மனசு வராது. அதில் ஆயில் கிடையாது. பிஸ்டன் வறண்டு உராயும்.

வழியில் என்னென்ன இருக்கின்றன? ஆயிலைத் தனியாக ஊற்றும் ஃபோர் ஸ்ட்ரோக் பம்பிலும், களை எடுக்கும் பவர் வீடரிலும் முதலில் பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பது. அதன் கீழே சின்னக் கிண்ணம் இருந்தால் அதில் தண்ணீரும் தூசும் தங்கியிருக்கும். அடுத்தது கார்புரேட்டரின் அடிக்கிண்ணம். அதன் போல்ட்டைத் தளர்த்தினால் பெட்ரோல் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டால் உள்ளே இருக்கும் ஊசி பிசினில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை மெதுவாகத் தட்டினாலே சில நேரம் விடும். ஒழுகியும் பிடிக்கவில்லை என்றால் ஜெட்டுதான். கழற்றி, கார்புரேட்டர் கிளீனர் அடித்து, மெல்லிய செம்புக் கம்பியின் ஒற்றை இழையால் துளையைத் திறக்கலாம். ஊசியோ இரும்புக் கம்பியோ விட்டுக் குடையாதீர்கள். ஜெட்டு பித்தளை, துளை கொஞ்சம் பெரிதானாலும் அப்புறம் பெட்ரோல் குடித்துக்கொண்டேதான் இருக்கும்.

புல் வெட்டும் மெஷின், செயின்சா, தேயிலை பறிக்கும் மெஷின் இவற்றில் பெரும்பாலும் கிண்ணம் இருக்காது. எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஓட வேண்டுமல்லவா, அதனால் டயாஃப்ரம் வைத்த கார்புரேட்டர். இதில் டேங்குக்குள் குழாய் நுனியில் ஒரு ஃபில்டர் தொங்கும். வளைத்த கம்பியால் அதை மேலே இழுத்துப் பார்த்தால் கறுத்து இறுகிப்போயிருக்கும். விலை அதிகமில்லாத சாமான், சந்தேகம் வந்தால் மாற்றிவிடலாம். அடுத்து குழாய். வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வெடிப்பு வழியாகப் பெட்ரோல் வெளியே சொட்டாவிட்டாலும் காற்று உள்ளே போகும், காற்று போனால் பெட்ரோல் ஏறாது. பக்கத்தில் இருக்கும் ரப்பர் குமிழை அழுத்தினால் அதில் பெட்ரோல் நிறைந்து கெட்டியாக வேண்டும். காற்றுக் குமிழிகளே வந்துகொண்டிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் பெட்ரோல் ஏறவில்லை என்றால் டயாஃப்ரம். அது விரலில் எடுத்தால் தொய்ந்து விழ வேண்டிய மெல்லிய தோல். பழைய பெட்ரோலில் ஊறிக் காய்ந்ததில் விறைத்துப்போய் எக்ஸ்ரே ஃபிலிம்போல் சடசடக்கும். விறைத்த டயாஃப்ரம் பெட்ரோலை இழுக்காது. அதைக் கழுவிப் பிரயோஜனமில்லை, மாற்ற வேண்டும். கேஸ்கெட்டோடு சேர்த்து கிட்டாகவே கிடைக்கிறது. கழற்றும்போது எது மேலே எது கீழே என்று போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் டயாஃப்ரமும் வரிசை மாறினால் புதுக் கிட்டு போட்டும் ஓடாது.

இனி ஈரப் பிளக். நிறையத் தடவை இழுத்ததில் மூழ்கியிருந்தால் சுவிட்சை ஆஃபில் வைத்து, பிளக் இல்லாமல், துளையைக் கீழ்ப்பக்கம் பார்க்கும்படி சாய்த்துச் சில முறை இழுத்தால் உள்ளே தேங்கியது வெளியே வந்துவிடும். அதைச் செய்யும்போது முகத்தைத் துளைக்கு நேரே வைக்காதீர்கள். பிளக் ஒயரையும் தள்ளி வையுங்கள். கொஞ்ச நேரம் ஆறவிட்டு, காய்ந்த பிளக்கை மாட்டி, சோக் இல்லாமல் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு இழுத்தால் முக்கி முனகிப் பிடித்துக்கொள்ளும். பனிக்காலத்தில் பிளக்கைக் கொஞ்சம் சூடாக்கி மாட்டுவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம், பலனும் உண்டு. ஆனால் சூடாக்குவது வீட்டு அடுப்பில், பெட்ரோல் துடைத்த பிளக்கை. மெஷின் பக்கத்தில் தீக்குச்சி உரசக் கூடாது.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, கழற்றிய பிளக்கை ஒயர் தொப்பியில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை இன்ஜினின் வெறும் உலோகத்தில் படும்படி, துளையிலிருந்து தள்ளிப் பிடித்து, சுவிட்சை ஆனில் வைத்து இழுங்கள். நிழலில் செய்தால் பொறி கண்ணுக்குத் தெரியும். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் நல்லது. மங்கலாகவோ வராமலோ இருந்தால் முதலில் வேறு பிளக் போட்டுப் பாருங்கள். பிளக்கின் இடைவெளி பெரும்பாலான சின்ன இன்ஜின்களுக்கு 0.5 முதல் 0.8 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சரியான எண் கையேட்டில் இருக்கும்.

புதுப் பிளக்கிலும் கரண்ட் இல்லையென்றால், மலையில் நான் சந்தேகப்படும் முதல் ஆள் எலி. ஷெட்டில் கிடக்கும் மெஷினின் காற்றாடி மூடிக்குள் காய்ந்த புல்லை அடைத்துக் கூடு கட்டும். அதோடு விட்டால் பரவாயில்லை, ஒயரையும் கடித்து வைக்கும். நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் ஒயர் தோல் உரிந்து உடம்பில் பட்டால், சுவிட்சு எப்போதும் ஆஃபில் இருப்பதற்குச் சமம். காயிலிலிருந்து அந்த ஒயரை மட்டும் கழற்றிவிட்டுச் சோதித்தால் விஷயம் தெரிந்துவிடும்: பொறி வந்தால் காயில் நல்லது, ஒயர்தான் கெட்டது. அந்த நிலையில் இன்ஜின் ஓட ஆரம்பித்துவிட்டால் சுவிட்சு நிறுத்தாது, சோக்கை முழுக்க மூடித்தான் நிறுத்த வேண்டும். கூட்டை அப்படியே விட்டு ஓட்டினாலும் ஆபத்து. காற்று போகாமல் இன்ஜின் சூடேறி இறுகி நின்றுவிடும். சைலன்சர் வாயில் குளவி மண் வைத்து அடைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

எலிக்கு அடுத்தது ஈரம். மூடுபனி மாதங்களில், இன்ஜினோடு சுற்றும் ஃபிளைவீல் சக்கரத்தின் காந்தத்தில் துரு ஏறிவிடும். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை வைத்து இறுக்கிவிட்டுக் கார்டை உருவினால் இடைவெளி ஏறக்குறைய சரியாக இருக்கும். சுமார் 0.3 மில்லிமீட்டர் வேண்டும், கார்டின் தடிமனும் அதை ஒட்டித்தான் வரும்.

கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இல்லாத இரண்டு தலைவலி எங்களுக்கு உண்டு. ஒன்று உயரம். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர், ஊட்டி 2,240. கோத்தகிரியிலேயே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் வாங்கிய மெஷின் அந்த ஊர்க் காற்றுக்குச் சரிசெய்யப்பட்டிருக்கும். இங்கே அதே அளவு பெட்ரோலுக்குக் காற்று குறைவதால் கலவை கொழுத்துவிடும். பிளக் கறுக்கும், சீக்கிரம் மூழ்கும், புகை கூடும். அதனால்தான் இங்கே சோக்கைக் கொஞ்சம் சீக்கிரமே எடுக்க வேண்டியிருக்கிறது. எப்போதும் 1,500 மீட்டருக்கு மேலே ஓட்டுவதாக இருந்தால் ஜெட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சில கம்பெனிக் கையேடுகளே சொல்கின்றன. டூ ஸ்ட்ரோக் மெஷினில் திருகு மூலம் சரிசெய்யலாம், ஆனால் வேகத் திருகை அளவுக்கு மீறி மூடினால் பெட்ரோலோடு ஆயிலும் குறைந்து இன்ஜின் இறுகி நின்றுவிடும். அதை நான் மெக்கானிக்கிடம் விட்டுவிடுவேன். இன்னொரு சின்ன விஷயம், மேட்டுப்பாளையத்தில் கேனில் நிரப்பி மேலே கொண்டுவந்த பெட்ரோலின் மூடியைத் திறந்தால் புஸ்ஸென்று சீறும். உள்ளே கீழ்நாட்டு அழுத்தம், வெளியே மலைக் காற்று. மெதுவாகத் திருகித் திறங்கள்.

இரண்டாவது, சரிவு. புது ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் கரண்டை நிறுத்திவிடும் ஒரு சென்சார் உண்டு. மெஷினைச் சாய்வாக வைத்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். ஆயிலே இல்லை என்று சென்சார் நினைத்துக்கொள்ளும். பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் ஓடைக்கரையில் பம்பை வைத்துக்கொண்டு கார்புரேட்டர் முழுவதையும் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கூப்பிட்டார், எனக்கும் ஒன்றும் புரியவில்லை. வேறு வேலைக்காக அந்த வழியே வந்த ஒரு பெரியவர்தான், “பம்பு சாஞ்சு நிக்குதே, நேரா வெச்சுப் பாத்தீங்களா?” என்றார். இரண்டு கல்லை அண்டைக் கொடுத்து நேராக்கி, கார்புரேட்டரைத் திரும்ப மாட்டியதும் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து, ஃபோர் ஸ்ட்ரோக் பிடிக்கவில்லை என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் முதல் கேள்வி ‘சமமாக நிற்கிறதா, ஆயில் இருக்கிறதா’ என்பதுதான்.

பெட்ரோலும் வருகிறது, கரண்டும் வருகிறது, ஆனாலும் அசையவில்லை என்றால் கம்ப்ரஷன். கயிறு தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்விடுங்கள், வீட்டில் செய்ய ஒன்றுமில்லை. பிடிக்கிறது, ஆனால் வேகம் ஏறவில்லை என்றால் ஏர் ஃபில்டரையும் சைலன்சர் வாயிலிருக்கும் கம்பி வலையையும் பாருங்கள், கரி அடைத்திருக்கும்.

இத்தனை பாட்டையும் தவிர்க்க, உள்ளே வைக்கும்போது செய்வது சின்ன வேலைதான். டேங்கைக் காலி செய்து, மீதியை அது தானாக நிற்கும் வரை ஓட்டிவிட வேண்டும். டூ ஸ்ட்ரோக்கில் குமிழை அழுத்தி மிச்சத்தையும் டேங்குக்குத் திருப்பி இறக்கிவிட்டு, இன்னொரு முறை நிற்கும் வரை ஓட்டுவேன். ஃபோர் ஸ்ட்ரோக்கில் டேப்பை மூடி, கிண்ணத்தின் போல்ட்டைத் தளர்த்தி வடித்துவிட்டால் போதும். பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து, அது இறுகி நிற்கிற இடத்தில் விட்டுவிட வேண்டும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் அந்த நிலையில் வால்வுகள் மூடியிருக்கும், ஈரக் காற்று உள்ளே போகாது. தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்பது நல்லது. பாலிதீன் பையால் இறுக்கிக் கட்டினால் ஈரம் உள்ளேயே வேர்த்து நிற்கும். அதைவிடப் பழைய கோணிச்சாக்கே மேல்.

டேங்கை நிரப்பி வைத்தால் காற்றுக்கு இடமில்லை, அதனால் கெடாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். முன்பு அதில் நியாயம் இருந்தது. இப்போது வரும் பெட்ரோலுக்கு நான் காலி செய்கிற கட்சி. ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று பல கையேடுகளில் இருக்கிறது, அதனால் கலக்குவதே ஒரு லிட்டர் இரண்டு லிட்டராகத்தான்.

செயின்சாவுக்கு மட்டும் இது சரிவராது. எந்த ராத்திரி மரம் விழும் என்று யாருக்குத் தெரியும்? மழை மாதங்களில் அதில் புதிதாகக் கலந்ததைக் கொஞ்சமாக ஊற்றி வைத்து, மாதம் ஒரு முறையாவது சில நிமிடம் ஓட்டி, பெட்ரோலை மாற்றிக்கொள்வேன். ஓட்டுவது ஷெட்டுக்கு வெளியே. மழை என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஓட்டினால் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும். அதற்கு வாசனை கிடையாது.

இறக்கிய பழைய பெட்ரோலை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஆயில் கலக்காததாக, கெட்ட வாசனை வராததாக, தண்ணீர் பிரியாததாக இருந்தால் பைக் டேங்கில் நிறையப் புதுப் பெட்ரோலோடு கொஞ்சமாகச் சேர்த்து ஓட்டிவிடலாம். ஆயில் கலந்ததைப் பைக்கில் ஊற்ற வேண்டாம். செயின், பிளேடு கியர் இவற்றின் பழைய கிரீஸைக் கழுவ எங்கள் மெக்கானிக் தம்பி கேனோடு வாங்கிக்கொள்வார். குப்பை எரிக்க ஊற்றுகிற வேலை வேண்டவே வேண்டாம், தீ கேன் வரைக்கும் ஓடி வரும். ஓடைப் பக்கமும் கொட்டாதீர்கள். இந்தச் சரிவின் தண்ணீரெல்லாம் பவானிக்குத்தான் போகிறது, வழியில் குடிக்கிறவர்கள் நிறைய.